குட்டைக்கும் கணக்கில் இடம் வேண்டும்

ஏரி பெரிதா, குட்டை பெரிதா என்று ஒருவர் கேட்டால் பள்ளிச் சிறுவனும் சிரிப்பான். ஏரிதான் பெரிது, அதில் ஐயம் ஏது? ஆனால், யாருக்குப் பெரிது என்று அடுத்த கேள்வியைப் போட்டால், சிரித்த சிறுவனும் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும். ஏரிக்குக் கீழே பத்து ஏக்கர் நன்செய் உடையவருக்கு ஏரி பெரிது. ஒரு சென்ட் நிலமும் இல்லாமல், இரண்டு கறவை மாடுகளை நம்பிக் குடும்பம் நடத்துகிற ஒரு தாய்க்கு, தெருக்கோடியில் இருக்கும் குட்டைதான் பெரிது. இந்த இரண்டு பெருமைகளுள் எதை அரசின் கணக்குப் புத்தகம் காண்கிறது, எதைக் காணாமல் விடுகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அறிவியல் பயிலும் மாணவன் ஒருவன் சங்கத்தின் மலரில் குட்டையைப் பற்றி எழுதுகிறானே என்று சிலர் வியக்கலாம். கவிதைக்கும் கதைக்கும் இடையே இதற்கும் ஒரு மூலை கிடைக்கட்டும் என்று ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொண்டேன். காரணம் உண்டு. நீர்நிலைகளைச் சீர்ப்படுத்த வேண்டும் என்பதில் இன்று இரண்டு கருத்து இல்லை. தூர் வார வேண்டும், கரையை உயர்த்த வேண்டும், வரத்துக் கால்வாயைத் திருத்த வேண்டும் என்று எல்லோருமே சொல்கிறோம். ஆனால் அதற்காக ஒதுக்கப்படும் பணம் எந்த நீர்நிலைக்குப் போகிறது, எதைத் தாண்டிப் போகிறது, யார் சொல் கேட்டுப் போகிறது என்று நாம் அதிகம் பேசுவதில்லை. சுற்றுச்சூழல் நீதி என்று அறிஞர்கள் சொல்வது இதைத்தான். இயற்கை கெடும்போது இழப்பு யார் தலையில் விழுகிறது? அதைத் திருத்தும்போது பயன் யார் மடியில் விழுகிறது?

நான் சொல்லப்போகும் ஊர் குடிபாலா. சித்தூரிலிருந்து வேலூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மாநில எல்லையை ஒட்டி இருக்கும் மண்டலம் அது. 1911-இல் உருவான சித்தூர் மாவட்டம் 1953 அக்டோபர் முதல் நாள் வரை சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனோடு சென்றது. 1960 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த எல்லைத் திருத்தத்தில் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. குடிபாலா இந்தப் பக்கமே நின்றுவிட்டது. ஆகவே இங்கே சந்தையில் தமிழும் தெலுங்கும் ஒரே தராசில் நிறுக்கப்படுகின்றன. ஏரியைத் தமிழர் ஏரி என்பர், தெலுங்கர் செருவு என்பர். குட்டையைக் குண்ட்ட என்பர். தண்ணீர் இரண்டு பெயருக்கும் பதில் சொல்லும். சித்தூர்ச் சீமையில் தோன்றும் பொன்னையாறு எல்லைச் சாவடியில் நின்று அனுமதி கேட்பதில்லை. தமிழ்நாட்டுக்குள் நுழைந்து பாலாற்றில் கலந்துவிடுகிறது. மனிதர் போட்ட கோடு நீருக்குத் தெரியாது. பணத்துக்கோ எல்லாக் கோடுகளும் நன்றாகத் தெரியும்.

நீர்நிலைகள் தனித்தனியே வாழ்வதில்லை. மேட்டில் ஒரு குட்டை; அது நிறைந்து வழிந்தால் அடுத்த குட்டை; அதற்குக் கீழே ஒரு சிற்றேரி; அதன் கலங்கலில் இறங்கிய நீர் போய்ச் சேரும் பேரேரி என்று சங்கிலியாகத் தொடர்ந்து செல்வது நம் முன்னோர் அமைத்த முறை. பெருமழை பெய்யும்போது மேட்டிலிருந்து கரைந்து வரும் மண்ணை முதலில் பிடித்து நிறுத்துவது குட்டைதான். அது தூர்ந்து போனால் அந்த மண் கீழே இறங்கி ஏரியின் வயிற்றை நிரப்பும். குட்டையைக் கைவிட்டு ஏரியை மட்டும் தூர் வாருவது, கூரை ஓட்டையை அடைக்காமல் கூடத்து நீரை இறைப்பது போன்றது. இது நீரியல் படித்தவர்க்கு மட்டும் தெரிந்த இரகசியமன்று. எங்கள் ஊரில் ஆடு மேய்க்கும் பெரியவர்கள் என் பாடப்புத்தகத்தைவிடத் தெளிவாக இதைச் சொல்வார்கள்.

இந்தச் சங்கிலியைப் பேணுவதற்கு முற்காலத்தில் ஏற்பாடுகள் இருந்தன. ஏரி வெட்டியவருக்கும் அதைப் பழுது பார்ப்பவருக்கும் நில வருவாயில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கும் தசபந்த இனாம் இராயலசீமைப் பகுதியில் நெடுங்காலம் வழங்கியது. மதகைத் திறந்து மூடும் நீர்க்கட்டிக்கு விளைச்சலில் பங்கு உண்டு. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் பாட வரவில்லை. நீர்க்கட்டி வேலை பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட குடும்பங்களின் மீதே சுமத்தப்பட்டது. 1858-ஆம் ஆண்டில் வந்த சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டமோ, ஏரிக்கரையும் கால்வாய்க்கரையும் உடையும் ஆபத்து நேரும்போது உழைக்கும் வகுப்பினரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்க இடம் கொடுத்தது. உழைப்பைக் கேட்கும்போது நிலமில்லாதவன் உடனே நினைவுக்கு வந்தான். பயனைப் பங்கிடும்போது அவன் பெயர் மறந்துபோயிற்று. இன்றைய திட்டங்களைப் பார்க்கும்போது அந்த மறதி முற்றும் நீங்கிவிட்டதாகத் தோன்றவில்லை.

என் பெற்றோர் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து செங்கற்சூளை வேலைக்காகக் குடிபாலா வந்து தங்கியவர்கள். அப்போது எனக்கு ஏழு வயது. சூளை வேலை ஆண்டு முழுவதும் இருப்பதில்லை. ஆகவே அம்மா ஒரு மாடு வாங்கினார், பிறகு அது இரண்டாயிற்று. பால் பணத்தில்தான் நானும் தங்கையும் படித்தோம். அந்த மாடுகள் குடித்ததும் குளித்ததும் எங்கள் தெருவுக்கு மேலே உள்ள குட்டையில். எங்களைப் போலவே காலனியைச் சேர்ந்த பலரும், ஆடு வைத்திருப்பவர்களும், துணி வெளுப்பவர்களும் அந்தக் குட்டையைச் சுற்றியே வாழ்கிறார்கள். மழைக்காலம் முடிந்து நீர் வற்றத் தொடங்கும்போது யானாதிக் குடும்பங்கள் வந்து சேற்று மீன் பிடிப்பார்கள். பெரிய ஏரியின் மீன் ஏலத்துக்குப் போகும். குட்டையின் மீனுக்கு ஏலம் இல்லை.

சென்ற கோடை விடுமுறையில் தங்கை ஒரு முனையைப் பிடிக்க, நான் மறுமுனையைப் பிடித்து அந்தக் குட்டையை நாடாவால் அளந்தோம். நிறைந்த நிலையில் நீர் நிற்கும் அடையாளம் வரை சேர்த்தாலும் ஒன்றேகால் ஏக்கர்தான் வந்தது. கரை இரண்டு இடங்களில் உடைந்திருந்தது, பாதிக்குமேல் தூர்ந்திருந்தது. முன்பு பங்குனி வரை நிற்கும் தண்ணீர் இப்போது தைப் பொங்கலுக்கே தரை தட்டிவிடுகிறது என்றார் அம்மா. அதற்குப் பிறகு மாட்டுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால், கீழே ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவரின் வரப்பில் போய் நின்று கேட்க வேண்டும். கேட்பவர் நாள்தோறும் கேட்க வேண்டும். கொடுப்பவர் ஒரு நாள் முகம் சுளித்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். குட்டை வற்றினால் போவது தண்ணீர் மட்டுமன்று என்பதை அந்த வரப்பில் நின்றவர்கள் அறிவார்கள்.

அளந்த தாளை எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குச் சென்றேன். அங்கிருந்த பொறியாளர் பண்பானவர். உட்காரச் சொல்லித் தேநீரும் வரவழைத்தார். தாளைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது எங்கள் பட்டியலுக்குள் வராது" என்றார். பிறகு விதியை விளக்கினார். நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்ப்பாசனத் துறையைச் சேரும். அதற்குக் குறைந்தது ஊராட்சியைச் சேரும். துறைக்குப் பொறியாளரும் மதிப்பீடும் நிதியும் உண்டு. ஊராட்சிக்குக் குட்டை உண்டு. தமிழ்நாட்டிலும் கோடு ஏறத்தாழ இதே இடத்தில்தான் போடப்பட்டிருக்கிறது: 40 ஹெக்டேருக்கு மேல் பொதுப்பணி மரபில் வந்த ஏரி, குறைந்தால் ஊராட்சி ஒன்றிய ஏரி. எங்கள் குட்டைக்கோ ஆயக்கட்டே கிடையாது. அது எந்த வயலுக்கும் பாய்வதில்லை. ஆகவே அந்தக் கணக்கில் அது யாருக்கும் பயன்படுவதுமில்லை!

அவர் மீது எனக்குக் குறை இல்லை. விதி அவர் எழுதியதன்று. நான் திரும்பி வந்து விதிகளைப் படிக்கத் தொடங்கினேன். நீர்நிலைகளைப் பழுதுபார்த்துப் புதுப்பித்து மீட்கும் மத்திய அரசின் திட்டம் 2005-இல் முன்னோட்டமாகத் தொடங்கியது. அப்போது 40 ஹெக்டேர் முதல் 2,000 ஹெக்டேர் வரை பாசனப் பரப்புள்ள நீர்நிலைகளே தகுதி பெற்றன. பின்னர் வந்த வழிகாட்டு நெறிகள், நாட்டுப்புற நீர்நிலையாயின் குறைந்தது 5 ஹெக்டேர் நீர்ப்பரப்பு இருக்க வேண்டும் என்றன. போடும் செலவைவிட வரும் பயன் குறையக்கூடாது என்றும் வகுத்தன. 5 ஹெக்டேர் என்பது பன்னிரண்டு ஏக்கருக்கும் சற்று மேல். எங்கள் குட்டை அதில் பத்தில் ஒரு பங்கு.

எங்கள் குட்டை மட்டும்தான் இப்படிச் சிறியதா? நாட்டின் முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பின் அறிக்கை 2023-இல் வெளிவந்தது. இந்தியா முழுவதும் 24,24,540 நீர்நிலைகள். அவற்றுள் ஆந்திரத்தில் 1,90,777. இவற்றின் அளவைப் பார்த்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நூற்றுக்கு 72-க்கு மேற்பட்டவை அரை ஹெக்டேருக்கும் குறைந்த நீர்ப்பரப்பு உடையவை. 5 ஹெக்டேருக்கு மேற்பட்டவை நூற்றுக்கு ஏறத்தாழ மூன்றே! அஃதாவது, நூறு பிள்ளைகள் உள்ள பள்ளியில், ஐந்தரை அடிக்கு மேல் வளர்ந்த மூவருக்கு மட்டும் மதிய உணவு என்று விதி செய்தது போன்ற நிலை. கணக்கெடுப்பில் வந்தவற்றுள் பாதிக்குமேல் தனியார் வசம் உள்ளவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவற்றுக்கெல்லாம் பொதுப்பணம் கேட்க நான் வரவில்லை. எஞ்சிய பொது நீர்நிலைகளிலும் சிறியவையே மிகுதி என்று கருத இடம் உண்டு. அவற்றைச் சார்ந்தவர்கள் பெரும்பாலும் நிலம் இல்லாதவர்கள்.

பயன் என்பதை எப்படி அளக்கிறார்கள்? ஏரி சீரானால் எத்தனை ஏக்கர் கூடுதலாகப் பாயும், எத்தனை மூட்டை நெல் கூடுதலாக விளையும், அதன் விலை என்ன என்று அளப்பது எளிது. மாடு குடித்த தண்ணீருக்கு விலை என்ன? குடத்தோடு அரைக்கல் தொலைவு குறைவாக நடந்த பெண்ணின் கால்வலிக்கு விலை என்ன? ஏலம் இல்லாமல் கிடைத்த மீனுக்கு எந்தக் கணக்கன் சீட்டெழுதினான்? அளக்க எளிதானவற்றை எழுதிவிட்டு, அளக்கக் கடினமானவற்றைச் சுழி என்று விட்டுவிட்டால், கூட்டல் சரியாகவே இருக்கும். விடை மட்டும் தவறாக இருக்கும். ஆய்வுக்கூடத்தில் அளவிடாத பொருளை இல்லாத பொருள் என்று எழுதினால் நம் பேராசிரியர்கள் அந்தத் தாளைக் கிழித்துப் போடமாட்டார்களா?

பெரிய திட்டங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நன்றி கொன்ற பேச்சாகும். 2007-இல் உலக வங்கியின் கடனுதவியோடு ஒன்றுபட்ட ஆந்திரத்தில் ஏறத்தாழ 3,000 ஏரிகளைக் கருதித் தொடங்கிய சமூகம் சார்ந்த ஏரி மேலாண்மைத் திட்டம், வேளாண்மையோடு மீனுக்கும் கால்நடைக்கும் இடம் கொடுத்தது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் 63 துணைப்படுகைகளை எடுத்துக்கொண்டு இதைப் போன்ற பெருந்திட்டம் ஒன்று தொடங்கியது. பல ஏரிகள் உயிர் பெற்றன. அவற்றின்கீழ் சிறு உழவர்களும் பயன் பெற்றார்கள். ஆனால் ஏரியைச் சீர்ப்படுத்தும்போது முடிவு சொல்பவர் யார் என்ற கேள்வி நிற்கிறது.

1997-இல் ஆந்திரத்தில் உழவர் பாசன மேலாண்மைச் சட்டம் வந்தது. நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் அமைத்துத் தாங்களே ஏரியை ஆளலாம் என்றது. நாடே பாராட்டிய சட்டம் அது. ஆனால் அச்சங்கத்தில் வாக்குரிமை பாசன நிலத்தின் உடைமையாளர்க்கும், அவர் இடத்தில் நிலத்தை வைத்திருக்கும் குத்தகையாளர்க்கும் மட்டுமே. நீரைப் பயன்படுத்தும் மற்றவர்கள் உறுப்பினராகலாம், வாக்களிக்க முடியாது. 2024 டிசம்பரில் இச்சங்கங்களுக்குத் தேர்தல் நடந்தபோது எங்கள் தெருவில் ஒருவர் விரலிலும் மை இல்லை. என் தாயார் நாடாளுமன்றத்துக்கு வாக்களித்து நாட்டை ஆள்பவரைத் தேர்ந்தெடுக்கலாம். தம் மாடு தண்ணீர் குடிக்கும் ஏரிக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரிலேயே இருப்பதால், நிலமுள்ள வீட்டுப் பெண்களுக்கும் இதே கதிதான்.

வாக்கு இல்லாததன் விளைவு வேலை தொடங்கும்போது தெரியும். ஆயக்கட்டுக்காரர் கரையை உயர்த்தக் கேட்பார், அது இயல்பு. கரை உயர்ந்தால் நீர் பின்னோக்கிப் பரவும். ஏரியின் பின்புறத்தில் நீர் வற்றியபின் கம்போ கேழ்வரகோ விதைப்பவர்கள் பெரும்பாலும் பட்டா இல்லாத ஏழைகள். அவர்கள் பயிர் மூழ்கும். 'ஆக்கிரமிப்பாளர்' என்ற பெயரும் கிடைக்கும். வண்டலை வாரி எடுத்து வயலுக்குக் கொண்டுபோகலாம் என்பார்கள். 2015-இல் தெலங்கானாவில் தொடங்கிய மிஷன் காகதீயத் திட்டத்திலும் வண்டலை ஏற்றிச் செல்லும் செலவு உழவரையே சார்ந்திருந்தது. டிராக்டர் உள்ளவர் வயலுக்கு வண்டல் போகும். இல்லாதவர் வேடிக்கை பார்ப்பார்.

குளம் குட்டைகள் ஊரின் பொதுச்செல்வம், அவற்றைக் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் கூறியது. 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் மீண்டும் வலியுறுத்தியது. நல்ல தீர்ப்புகள். ஆனால் காக்கச் சொல்லும் சட்டம் ஒரு வழியிலும், காப்பதற்கான பணம் வேறு வழியிலும் நடக்கின்றன. மற்றொரு விந்தையும் உண்டு. 2017-ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகள், பாசனத்துக்காக மனிதர் வெட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறைக்கு வெளியே வைத்துவிட்டன. வேடந்தாங்கலும் ஒரு பாசன ஏரிதான். பறவைகள் அதைத் தேடி வந்ததால் 2022-இல் உலகப் புகழ்பெற்ற ராம்சார் பட்டியலில் ஏறியது. நாரை வந்து இறங்கிய ஏரிக்குப் பெருமை கிடைத்தது நன்றே. எருமை மட்டும் வந்து இறங்கும் குட்டைக்கு எந்தப் பட்டியலில் இடம்?

இனி நீர்ப்பிடிப்புப் பகுதித் திட்டங்களைப் பார்ப்போம். மழைநீரை விழுந்த இடத்திலேயே நிறுத்துவதற்காக வரப்பும் தடுப்பணையும் கட்டும் திட்டங்கள் இவை. 1995-ஆம் ஆண்டு நெறிகளில் ஒரு ஹெக்டேருக்கு 4,000 ரூபாய் என்று இருந்தது. 2008-ஆம் ஆண்டுப் பொது நெறிகளில் சமவெளிக்கு 12,000 ரூபாயாயிற்று. அண்மைக் காலத்தில் 22,000 ரூபாயாக உயர்ந்தது. எந்தப் பகுதியைத் தேர்ந்தெடுப்பது என்னும்போது வறுமையையும், பட்டியலினத்தவர் தொகையையும் பார்க்க வேண்டும் என்று 2008-ஆம் ஆண்டு நெறிகள் சொன்னது பாராட்டத்தக்கது. ஆனால் பகுதியைத் தேர்ந்தபின் உள்ளே பணம் ஹெக்டேர்க் கணக்கில் நடக்கிறது. 2011-இல் திருத்திய பங்கீட்டில், நிலத்தின் மேல் செய்யும் பணிகளுக்கு நூற்றுக்கு 56 பங்கு. சொத்தில்லாதவர்களின் வாழ்வுக்கு நூற்றுக்கு 9 பங்கு. ஹெக்டேரே இல்லாதவன் அந்த ஒன்பதில் தன் பங்கைத் தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

அதைவிட நுட்பமானது நிலத்தடியில் நடப்பது. மேட்டு நிலத்தில் தடுத்த நீர் மேட்டிலேயே இருப்பதில்லை. பாறைப் பிளவுகளின் வழியே கசிந்து பள்ளத்தை நோக்கிச் செல்லும். மேட்டில் இருப்பவை மேய்ச்சல் புறம்போக்கும், அரசு வழங்கிய மானாவாரி நிலமும். பள்ளத்தில் இருப்பவை நன்செயும் ஆழ்துளைக் கிணறும். மேட்டில் மேய்ச்சலை நிறுத்தி மரம் நடச் சொன்னால், ஆடு வைத்திருப்பவன் தன் பங்கை விட்டுக்கொடுக்கிறான். கசிந்து இறங்கிய நீரைப் பள்ளத்துக்காரர் மின்விசையால் எடுத்துக்கொள்கிறார். நீர் பள்ளத்தை நோக்கி ஓடுவது இயற்கை. பணமும் வசதி உள்ள இடத்தை நோக்கியே ஓடுவது இயற்கையன்று. அதற்கு வாய்க்கால் வெட்டியவர்கள் நாம்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் வாரன் கவுண்டியில், 1982-இல் நச்சுக் கழிவை ஏழைக் கறுப்பின மக்கள் வாழும் இடத்தில் கொட்ட முனைந்தபோது மக்கள் சாலையில் படுத்து மறித்தார்கள். சுற்றுச்சூழல் நீதி இயக்கம் அங்கிருந்து வலுப்பெற்றது. நச்சு எங்கே கொட்டப்படுகிறது என்று தொடங்கிய கேள்வி, நன்மை எங்கே கொட்டப்படுகிறது என்ற கேள்வியாக வளர்ந்தது. புளோரிடாவில், அழித்த ஈரநிலத்துக்கு ஈடாக வேறிடத்தில் ஈரநிலம் அமைக்கும் முறையால், நகரமக்கள் அருகிருந்த ஈரநிலங்கள் மக்கள் குறைந்த நாட்டுப்புறத்துக்கு நகர்ந்துவிட்டன என்று 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. சுற்றுச்சூழல் முதலீட்டின் நன்மையில் நூற்றுக்கு 40 பங்கு பின்தங்கிய பகுதிகளைச் சேர வேண்டும் என்று 2021-இல் அந்நாட்டு அரசு வகுத்தது. 2025-இல் அடுத்து வந்த அரசு அதை நீக்கிவிட்டது. எண்ணை எழுதிவைத்தால் அடுத்தவர் அழிக்கலாம் என்பது உண்மையே. எழுதாமலே விட்டால் அழிக்க வேண்டிய வேலைகூட அவர்களுக்கு இல்லையே!

எதிர்வாதத்தையும் கேட்க வேண்டும். ஆயிரம் குட்டைகளை மேற்பார்வை செய்வதைவிட ஓர் ஏரியை மேற்பார்வை செய்வது எளிது. ஆழமில்லாத குட்டையின் நீர் வெயிலுக்கு விரைவில் இரையாகும். மேலே எல்லாக் குட்டைகளையும் ஆழப்படுத்திவிட்டால் கீழே உள்ள ஏரிக்கு வரத்துக் குறையலாம். இவை வெற்றுச் சாக்குகள் அல்ல. அறிவியல் வழிப்பட்ட தடைகள். அதனால்தான் சங்கிலி முழுவதையும் ஒன்றாக அளந்து திட்டமிட வேண்டும் என்கிறேன். எந்தக் குட்டையை ஆழப்படுத்துவது, எதன் கரையை மட்டும் கட்டுவது, எதை அப்படியே விடுவது என்று அளந்து பார்த்து முடிவு செய்யலாம். அளக்காமலே, ஒரே கோட்டைப் போட்டு, அதற்குக் கீழுள்ள அனைத்தையும் தள்ளிவிடுவதற்கு அறிவியல் துணைநிற்காது.

சிறியவற்றை எண்ணிய முயற்சியும் நடந்தது. 2022 ஏப்ரலில் தொடங்கிய அமிர்த சரோவர் திட்டம் ஒரு ஏக்கர் அளவுள்ள குளத்தையும் ஏற்றுக்கொண்டது. மாவட்டத்துக்கு 75 என்று இலக்கு வைத்தது. கோடு பன்னிரண்டு ஏக்கரிலிருந்து ஒன்றுக்கு இறங்கியது பெரிய மாற்றம். ஆயினும் அதற்கென்று தனி நிதி இல்லை. வேறு திட்டங்களின் பணத்தைத் திரட்டியே செய்யவேண்டியிருந்தது. மேலும், நீர் மிகுந்த மாவட்டத்துக்கும் 75, வறண்ட மாவட்டத்துக்கும் 75. எல்லார்க்கும் ஒரே அளவுச் செருப்பு தைத்தால் அது சமத்துவம்போல் தோன்றும். நடந்து பார்த்தால்தான் வலி தெரியும்.

என் எளிய கருத்து இது. முதலாவதாக, நீர்நிலையைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் ஏக்கரோடு, அதைச் சார்ந்த குடும்பங்களையும் கால்நடைகளையும் எண்ண வேண்டும். இரண்டாவதாக, ஓர் ஏரிக்கு ஒதுக்கும் நிதியில் ஒரு பங்கு அதன் மேலுள்ள குட்டைகளுக்கு என்று முன்கூட்டியே பிரித்துவைக்க வேண்டும். அது ஏரிக்கும் நன்மையே. மூன்றாவதாக, ஏரிச் சங்கத்தில் மேய்ப்பவர், மீன் பிடிப்பவர், நீர்க்கட்டி, நிலமில்லாத பெண்கள் ஆகியோர்க்கு வாக்கு வேண்டும். வாக்கு இருந்தால் மற்ற இரண்டையும் அவர்களே கேட்டுப் பெறுவார்கள்.

நண்பர்களே, இந்தச் சங்கத்தில் எல்லைப்புற ஊர்களிலிருந்து வந்தவர்கள் பலர். வேலூர், இராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர்களும் உண்டு. பொன்னையாற்றுக்கு மேலே நாங்கள், கீழே நீங்கள்; நடுவில் ஓடுவது ஒரே நீர். வரும் விடுமுறையில் ஒவ்வொருவரும் தம் ஊரில் ஒரே ஒரு குட்டையை அளந்து வாருங்கள். பெரிய கருவி வேண்டாம். நாடாவும் தாளும் போதும். நீளம், அகலம், ஆழம், எந்த மாதம் வரை நீர் நிற்கிறது, எந்தெந்த வீட்டார் எதற்காக வருகிறார்கள், எத்தனை மாடு, எத்தனை ஆடு என்று எழுதுங்கள். நீர்நிலைக் கணக்கெடுப்பில் அது இடம் பெற்றதா என்றும் ஊராட்சியில் கேளுங்கள். சொல்லாவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கிராம சபையில் அந்தத் தாளைப் படித்துக் காட்டுங்கள். தமிழில் எழுதியதைத் தெலுங்கில் சொல்ல ஒரு நண்பர் வேண்டுமென்றால், அவர் நம் விடுதியின் அடுத்த அறையிலேயே இருப்பார்.

விடுமுறை முடிந்து கூடும் முதல் சங்கக் கூட்டத்துக்கு அந்தத் தாள்களைக் கொண்டு வாருங்கள். அவற்றை ஒரு படத்தில் சேர்த்துக் குறிக்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். குடிபாலாவின் ஒன்றேகால் ஏக்கர் குட்டை அதில் முதல் புள்ளியாக இருக்கும். அடுத்த புள்ளி உங்கள் ஊருடையதாக இருக்கட்டும்.